காதில் பஞ்சு வைத்தவன்

அரியலூர்,
4.8.2024

மச்சான் வீரமுத்துவுக்கு,

இங்கே நான், சுகன்யா, குழந்தை முத்தமிழ் மூவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். பதினேழு தடவை போன் அடித்தும் எடுக்காத அளவுக்கு அண்ணன் திடமாக இருக்கிறது என்று உன் தங்கை சொல்கிறாள். வாட்ஸப்பில் 'ம்' என்று ஒரே எழுத்து அனுப்புகிறாய். அதற்கே உனக்குக் கை வலி வந்துவிடக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

விஷயம் இதுதான். சென்னையில் அரவிந்தன் என்று ஒருவர். யாரும் சீந்தாத பழைய சத்தங்களைத் தேடிப்பிடித்து இசைத்தட்டாகப் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. நம்முடைய 'ஜல்லி' குழுவின் பதிவு அவர் கையில் சிக்கியிருக்கிறது. குவைத்திலிருந்து கலைமணி கொடுத்திருப்பான், அவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை போலிருக்கிறது. உன் சித்தப்பாவின் கிரஷரில் கல் உடைபடும் சத்தத்துக்கு நடுவே, பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நாம் செல்போனில் பிடித்த அந்த முப்பத்தெட்டு நிமிஷத்துக்குப் பெயர் 'நாய்ஸ் ராக்'காம். அப்போது ஊர் வைத்த பெயர் 'கருமம்'.

தட்டோடு ஒரு சிறு புத்தகமும் வருமாம். குழுவின் சரித்திரத்தை நீயும் நானும் ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதித் தர வேண்டுமாம், அதுவும் கையால். பெரம்பலூர்க்காரன் கையெழுத்து என்றால் இவர்களுக்கு ஒரு மயக்கம். கேட்டுவிட்டார், தொடங்குகிறேன். 2010-இல், இஞ்சினியரிங் இரண்டாம் வருஷத்தில், 'ஜல்லி'யைத் தொடங்கியவன் நான். இது முதல் வரி.

இன்னொன்று. மாசியில் முத்தமிழுக்குக் காது குத்து, மீன்சுருட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில். தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அவளுக்கு வாய்த்திருப்பது ஒரே ஒரு தாய்மாமன், அது நீ என்பது அவள் தலையெழுத்து. பிறந்து ஏழு மாதமாகிறது, இன்னும் நீ வந்து பார்க்கவில்லை. வருவாயா என்று ஒரு வரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் சுகன்யா. சொல்லிவிட்டேன்.

அமிர்தலிங்கம்

*

பெரம்பலூர்,
21.8.2024

மாப்பிள்ளை அமிர்தலிங்கத்துக்கு,

தங்கச்சி புருஷனுக்கு 'வாங்க, போங்க' போட்டு எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உனக்கு எழுதும்போது மட்டும் வர மாட்டேன் என்கிறது. நான் சுகம். நீ சுகமில்லாமல் போகச் சிமெண்ட் ஆலை விடாது.

சரித்திரத்தின் முதல் வரியே பொய். நீ தொடங்கவில்லை, கிரஷர் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கிரஷர் ஓடாது, ஷெட் காலி என்றுதான் போனோம். மூன்று ஞாயிறு வாசித்தோம். உன் கிடாரில் சினிமாப் பாட்டுக்கு மூத்திரம் முட்டிய மாதிரி ஏதோ வந்தது. கலைமணி தார் டிரம்மைக் கம்பியால் தட்டினான். நான் கத்தினேன். சகிக்கவில்லை. நாலாவது வாரம் ஆர்டர் அதிகம் என்று சித்தப்பா ஞாயிறும் ஓட்டினார். அந்தச் சத்தத்துக்குள் நின்று வாசித்த அன்றைக்குத்தான் நாம் ஒரு குழு ஆனோம். உன் சென்னைக்காரரிடம் இதைச் சொல். புரியாது, ஆனால் தலையாட்டுவார்.

கிரஷர் ஓடும்போது ஒருவன் வாசிப்பது இன்னொருவனுக்குக் கேட்காது. அதனால் முகமும் தோளும்தான் பாஷை. நீ தாடையைத் தூக்கினால் அப்படியே நிறுத்த வேண்டும். எந்தத் தோளை இறக்குகிறாயோ அந்தப் பக்கம் நிற்பவன் அடங்க வேண்டும். கண்ணை மூடினால் எல்லாரும் சேர்ந்து அடி. இப்படி வாசித்த குழு தமிழ்நாட்டில் வேறு இருந்தால் அரவிந்தன் காட்டட்டும்.

இதையும் மறக்காமல் எழுது. அந்த ஷெட்டில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசித்த ஒரே ஆள் நீ. ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி சட்டைப் பையில் டப்பாவில் பஞ்சு கொண்டுவருவாய். நானும் கலைமணியும் அந்தச் சத்தத்தை வயிறாரத் தின்றோம். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து குடித்தாய்.

இங்கே மழை இல்லை. சுகன்யாவைக் கேட்டதாகச் சொல்.

வீரமுத்து

*

அரியலூர்,
10.9.2024

மச்சான் வீரமுத்துவுக்கு,

எல்லாரும் நலம். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, இரண்டும் உன் பல் மாதிரி கோணல்.

காது குத்துக்கு வருவாயா என்ற கேள்விக்கு நீ எழுதிய பதிலை உறையைக் கிழித்து, உதறி, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டேன். தபால்காரர் வழியில் தின்றிருக்க வேண்டும்.

சரித்திரத்துக்கு வருகிறேன். நம் முதல் மேடையும் காது குத்துதான், மறந்துவிடாதே. 2011 சித்திரை, ஜெயங்கொண்டம், கலைமணியின் அத்தை வீட்டு விசேஷம். 'இன்னிசைக் கச்சேரி' என்று பத்திரிகையில் அச்சடித்து, பேனரில் நம் மூன்று பேர் தலையைச் சுற்றியும் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். 'தம்பி நல்லாப் பாடும்' என்று உன்னைப் பற்றி எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. பதினோரு நிமிஷம் வாசித்தோம். ஒரு பெரியவர் எழுந்து போகும்போது தோரண வாழையையும் பிடுங்கிக்கொண்டு போனார். கடைசியில் சமையல்காரர் கரண்டியோடு வந்து ஜெனரேட்டரை நிறுத்தினார். "தம்பிகளா, அண்டாவுல சாம்பாரு தானா குதிக்குது. எறங்கி வாங்க, சோறு போடறேன்" என்றார். இறங்கினோம், சாப்பிட்டோம். நமக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான். உன்னை இன்னும் மேதை என்று நினைக்கும் அரவிந்தன் அன்று அந்தப் பந்தியில் இருந்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது சுகன்யா தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை என்று தேதியைப் பெரிதாகப் போடச் சொன்னாள். பதினாறு. ஞாயிறு. போட்டுவிட்டேன்.

உன் பதிலுக்காகக் கால் கடுக்கக் காத்திருப்பேன் என்று நினைக்காதே.

அமிர்தலிங்கம்

*

பெரம்பலூர்,
25.10.2024

மாப்பிள்ளை அமிர்தலிங்கத்துக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பெல்லாம் கிடையாது. மைக் செட் தொழில் செய்கிறவனுக்குத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஆயிரம். நலம்தான்.

ஜெயங்கொண்டத்தை நன்றாக நினைவு வைத்திருக்கிறாய். பெங்களூரை ஏன் விட்டாய்? நான் எழுதுகிறேன். 2013 பிப்ரவரி. ஒரு மாடி அறை, நாற்பது பேர். உலகத்திலேயே நம்மைக் கேட்பதற்கென்று டிக்கெட் வாங்கிய நாற்பது பேர் அவர்கள்தான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நானும் கலைமணியும் டிரம்மைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றோம். உன்னிடமிருந்து செய்தி வந்தது: 'காய்ச்சல் 102.' இரண்டு பேராகப் போனோம். வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, எப்போது நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியாது. தாடையைத் தூக்குகிற ஆள் நீ. நான் வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. ஐம்பது நிமிஷம் போனது, கலைமணியின் கையில் ரத்தம் வந்த பிறகுதான் நின்றது. 'ஜல்லி' அன்றோடு முடிந்தது.

அதே தேதியில் உனக்குச் சிமெண்ட் ஆலையில் இன்டர்வியூ இருந்தது என்பதைச் சுகன்யா கல்யாணத்தன்று உன் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பந்தியில், பெருமையாக. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சிரித்தேன். காய்ச்சலுக்குச் சம்பளம் தருகிற ஆலை வேறு எங்கும் இருக்காது.

காது குத்துக்குச் சீர் வந்து சேரும். பட்டுப் பாவாடை, கம்மல், பழத்தட்டு எல்லாம் குறைவில்லாமல். ஆள் வராது. மாசி முகூர்த்த மாசம். உங்கள் வீட்டு ஆம்பளை எவனாவது மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

வேறு விசேஷமில்லை.

வீரமுத்து

*

அரியலூர்,
12.11.2024

வீரமுத்துவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. ஆனாலும் நலமா?

ஆமாம், இன்டர்வியூவுக்குத்தான் போனேன். காய்ச்சல் பொய். வேலை கிடைத்தது, உன் தங்கையும் அவள் குழந்தையும் சாப்பிடுகிறார்கள். நீ சத்தத்தை வயிறாரத் தின்றவன், உனக்கு அது போதும். எங்களுக்குச் சோறும் வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. படித்துவிட்டுச் சுகன்யா அதை நாலாக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எங்க அண்ணன் மடி இல்லன்னா புள்ளைக்குக் காதே குத்த வேணாம். மூளிக் காதோடயே இருக்கட்டும்" என்றாள். என் அம்மாவிடமும் அதையே சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொள்கின்றன. என் மேல் உள்ள கோபத்தைக் குழந்தையின் காதில் காட்டுகிற அளவுக்கு நீ சின்ன ஆளாக இருப்பாய் என்று நினைக்கவில்லை.

இத்துடன் ஒரு பென் டிரைவ். நம் பதிவை அரவிந்தன் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார். நீ கேட்டுவிட்டுச் சரி என்று எழுதினால்தான் தட்டு போடுவாராம். 'பாடகரின் ஒப்புதல்' என்கிறார். பாடகராம்.

அமிர்தலிங்கம்

*

பெரம்பலூர்,
2.12.2024

மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கச்சியைப் பாத்திரங்களோடு சண்டை போட வேண்டாம் என்று சொல்.

பதிவை மூன்று தடவை கேட்டேன். சகிக்கவில்லை. உன் அரவிந்தன் ஜல்லியைக் கழுவி, பொட்டு வைத்து, பூஜை அறையில் வைத்திருக்கிறார். உன் கிடாரை முன்னால் இழுத்துவிட்டு என் குரலைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளியிருக்கிறார். கலைமணி டிரம்மைக் கவிழ்க்கிற இடம் எப்படி இருக்கும்? இதில் அது மொண்ணையாகப் போய்விட்டது. கிரஷர் சத்தம் இன்னும் இரண்டு மடங்கு வேண்டும். இருபதாவது நிமிஷத்துக்கு மேல் எல்லாம் ஒரே வழவழப்பு, கேட்பவனுக்குத் தூக்கம்தான் வரும். சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இதைத் திருத்தாமல் என் ஒப்புதல் கிடைக்காது என்று அந்த மேதாவியிடம் சொல்.

வீரமுத்து

*

அரியலூர்,
17.12.2024

வீரமுத்து,

உன் கடிதத்தைச் சுகன்யாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தால் பதிவு உள்ள பென் டிரைவ் அங்கே கிடக்கிறது. உனக்கு மாற்றி அனுப்பியது, எங்கள் ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிற பாதுகாப்பு வகுப்பு. ஹெல்மெட்டை எப்படி மாட்டுவது, ஏணியில் எப்படி ஏறுவது என்று ஒரு பெண் நாற்பது நிமிஷம் பொறுமையாகச் சொல்கிறாள். அதில்தான் உன் குரல் கொல்லைப்புறத்துக்குப் போயிருக்கிறது.

நீ போட்டுக்கூடப் பார்க்காமல் எழுதிவிட்டாய் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். சுகன்யா சிரிக்கவில்லை. "அண்ணன் கேக்காம எழுதுற ஆளு இல்ல. கேக்க முடியாம எழுதியிருக்கு" என்றாள்.

போன வியாழக்கிழமை பெரம்பலூருக்கு வந்தேன். நீ மைக் செட் போட்டிருந்த கல்யாண மண்டபத்துக்கு. உனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் நின்று கூப்பிட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் என்று நினைத்தேன். பாட்டு நின்றதும் கூப்பிட்டேன். இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நீ பார்க்கவில்லை. மிக்ஸரில் ஏறி இறங்கும் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முகத்தைக் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

எத்தனை வருஷமாக, முட்டாளே?

அமிர்தலிங்கம்

*

பெரம்பலூர்,
20.1.2025

மாப்பிள்ளைக்கு,

ஒரு மாசம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். பொங்கல் சுமாராகப் போனது.

வலது காது போய் நாலு வருஷம். இடது போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் போனது. திருச்சியில் டாக்டர் பார்த்தார். நரம்பு செத்துவிட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஒன்றுமே கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. உள்ளே கிரஷர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஞாயிறு லீவுகூட இல்லை.

யாருக்கும் தெரியாது. மைக் செட்காரனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? விளக்கைப் பார்த்துச் சமாளிக்கிறேன். ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் கை வைத்தால் அதிர்வில் பாட்டா பேச்சா என்று தெரியும். நீ அனுப்பியதைக் கையை வைக்காமல் விளக்கை மட்டும் பார்த்துக் கேட்டேன், அதுதான் தப்பு. ஒரு பெண் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுவதற்கும் நாம் கத்தியதற்கும் விளக்கு ஒரே மாதிரிதான் எரிகிறது. இதையும் சரித்திரத்தில் சேர்த்துக்கொள்.

உன் மேல் கோபம் உண்டு. ஆனால் வர மாட்டேன் என்றது அதற்காக இல்லை. போன வருஷம் ஒரு காது குத்துக்கு மைக் செட் போட்டேன். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு தாய்மாமனிடம், 'தலைய இப்புடிப் புடிங்க, சாய்க்காதீங்க, இப்ப விடாதீங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்ததை வாயசைவில் பார்த்தேன். குழந்தையின் தலையைப் பிடிக்கும்போது குனிந்துதான் பிடிக்க வேண்டும், ஆசாரி வாயைப் பார்க்க முடியாது. அவர் சொன்னது கேட்காமல் நான் கையை அசைத்துவிட்டால் ஊசி எங்கே இறங்கும்? எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் குழந்தை மேல் ஒரு கீறல் விழுந்தால் என்னால் தாங்க முடியாது.

நீ பஞ்சு வைத்ததை நர்ஸ் என்று சொல்லிச் சிரித்தேன். நீ நன்றாகச் சிரித்துக்கொள், உன் முறை.

வீரமுத்து

*

அரியலூர்,
27.1.2025

மச்சானுக்கு,

நலம். சிரிக்கவில்லை. சுகன்யா அழுதாள், இப்போது சரியாகிவிட்டாள். ஊருக்குச் சொல்ல மாட்டோம்.

நீ எழுதிய நாலு பக்கத்தில் ஊசியைப் பற்றிய வரி மட்டும்தான் உருப்படி. அதற்கு ஒரு மாசம் யோசித்தாயாக்கும். நாம் மூன்று வருஷம் ஒருவன் சொல்வது இன்னொருவனுக்குக் கேட்காமல்தானே வாசித்தோம்? அப்போது உனக்குக் காது இருந்து என்ன பிரயோஜனம்?

நீ குனிய வேண்டாம். முதுகை நிமிர்த்தி, குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள். ஆசாரிக்குப் பின்னால், உனக்கு நேர் எதிரே நான் நிற்பேன். ஆசாரி சொல்வதை நான் கேட்டுச் சொல்கிறேன். எந்தப் பக்கம் சாய்க்க வேண்டுமோ அந்தத் தோளை இறக்குவேன். தாடையைத் தூக்கினால் அசையாதே. கண்ணை மூடினால் ஊசி இறங்குகிறது என்று அர்த்தம், இறுக்கிப் பிடி.

பெங்களூரில் நீ திரும்பிப் பார்த்தபோது நான் இல்லை. அது எனக்கு இத்தனை வருஷமும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது, எழுத வாய்க்கவில்லை. இந்தத் தடவை இருப்பேன்.

பதினாறாம் தேதி. ஞாயிறு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா, உன்னிடம் ஒன்றாவது இருக்கும்.

அமிர்தலிங்கம்

*

பெரம்பலூர்,
20.2.2025

மாப்பிள்ளைக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டுக் கறிக்குழம்பில் உப்பு அதிகம்.

ஆசாரி வாய் ஓயாமல் பேசினார் போலிருக்கிறது. நான் உன் தாடையைத்தான் பார்த்தேன். அது இப்போது இரண்டாகிவிட்டது, ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று தொங்குகிறது. ஆனாலும் புரிந்தது. நீ கண்ணை மூடினாயே, அது சைகையா, பார்க்கப் பயந்து மூடினாயா? இரண்டாவது காதுக்கு ரொம்ப நேரம் திறக்கவே இல்லை.

நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் நெஞ்சு அதிர்ந்தது. அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கி, உட்கார்ந்திருந்த பலகை வரை போனது. கிரஷர் மேடையில் நின்றால் காலிலிருந்து ஏறுமே, அதுதான், மேலிருந்து கீழே வந்தது. சுற்றி எல்லார் முகமும் மாறியதைப் பார்த்தேன். ஆசாரிகூடப் பின்னால் சாய்ந்தார்.

எனக்குக் கேட்கவில்லை. எப்படி அழுதாள் என்று எழுது. தகப்பன் மாதிரி எழுதாதே. கிடார்க்காரன் மாதிரி எழுது.

வீரமுத்து

*

அரியலூர்,
3.3.2025

மச்சானுக்கு,

நாங்கள் சுகம். முத்தமிழின் காது ஆறிவிட்டது. கம்மலைப் பிடித்து இழுப்பதுதான் இப்போது அவளுக்கு வேலை. அடுத்த ஞாயிறு நீ வருகிறாய் என்று சுகன்யா முடிவு செய்துவிட்டாள், உன் முகூர்த்த மாசக் கதையெல்லாம் அவளிடம் எடுபடாது.

அரவிந்தனுக்கு முதல் நாலு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதற்கு அவருக்குத் தகுதி போதாது. முதல் வரியை அடித்துவிட்டு 'கிரஷர் தொடங்கியது' என்று மாற்றியிருக்கிறேன். நீ சொன்னதற்காக இல்லை, உண்மை என்பதால்.

இனி நீ கேட்டது. முதல் காதுக்கு அவள் அழவில்லை. 'ஏய்' என்று ஒரு அதட்டல், அவ்வளவுதான். இரண்டாவது காதுக்கு என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொட்டாங்கச்சியைச் சிமெண்ட் தரையில் இழுத்த மாதிரி அடியில் தொடங்கினாள். ஏறிக்கொண்டே போய் நடுவில் உடைந்தது, நீ உடைப்பாயே, அதே இடத்தில். பிறகு வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தமே இல்லை. நாலு எண்ணினேன். எல்லாரும் பயந்துவிட்டார்கள். அதன்பிறகு வந்தது பார், கோயில் கோபுரத்துப் புறா அத்தனையும் எழுந்துவிட்டது. ஆசாரி காதைப் பொத்திக்கொண்டு, "யம்மாடி, இது யாரு கொரலு?" என்று கேட்டார். "அது அவ மாமன் கொரலு" என்றாள் சுகன்யா. ஜெயங்கொண்டத்தில் பதினோரு நிமிஷம் தொண்டை கிழியக் கத்தியும் உனக்கு வராதது, அவளுக்கு அரை நிமிஷத்தில் வந்தது. நீ ஒன்றும் பெரிய பாடகன் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமாயிற்று.

நான் கண்ணை மூடியது முதலில் சைகைக்காகத்தான். திறக்காமல் இருந்தது கேட்பதற்காக. குழந்தையின் காதில் மஞ்சள் தொட்டு வைக்கச் சுகன்யா கொடுத்த பஞ்சு டப்பா அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. கை தானாக அங்கே போனது, பழக்கதோஷம். எடுக்கவில்லை. முழுவதையும் வெறுங்காதால் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைச் சுகன்யா எழுதச் சொல்லவில்லை.

அமிர்தலிங்கம்